மாயக்காள் பார்த்த கிழங்கு

மாயக்காளுக்கு நாக்கு செத்துப்போய் அன்றோடு ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. தோட்ட வேலையாட்கள் குடியிருக்கிற லயத்தில் வரிசையாக இருந்த எட்டு வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. புருஷன் சோலைக்கும் தெரியாது.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து ஒன்பது நாள் அவளைப் படுக்கையில் போட்டது. போகும்போது சும்மா போகவில்லை. உப்பு, புளி, உறைப்பு, கசப்பு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கும் அப்படியே. ஏலக்காட்டுக்குள் நாள் முழுக்க நின்றாலும் ஏலம் மணக்கவில்லை. காய்ச்சல் கண்ட வாய் அப்படித்தான் இருக்கும், நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் இருந்தாள். சோலை போடி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, காய் எடுக்கிற நேரத்தில் எங்கே போவது என்று தட்டிக் கழித்தாள். நாலு நாள் நாற்பது நாளாயிற்று.

வேறொருத்திக்கு நாக்கு போனால் சாப்பாடு ருசிக்காது, அதோடு முடிந்தது. மாயக்காள் விஷயம் அப்படி இல்லை.

போடிமெட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிற ஏலத்தோட்டம் அது. லயத்துக்குப் பின்னால் வீட்டுக்கு இரண்டு பாத்தி மரவள்ளி போட்டிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பேச்சு ஒட்டிக்கொண்டதில் யாரும் அதை மரவள்ளி என்று சொல்வதில்லை, கப்பைதான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் காட்டுப்பன்றிகள் இறங்கிப் பாத்திகளை உழுது போட்டுவிட்டன. மேஸ்திரி பெரியகருப்பன்தான் கீழே போய், மாவு ஆலைக்குப் போகிற கசப்புக் கப்பைக் குச்சிகளைக் கொண்டுவந்து சுற்றிலும் வேலி மாதிரி நட்டார். பன்றி ஓர வரிசையில் வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. எல்லோரும் பெரியகருப்பனை மெச்சினார்கள். ஆனால் மறு நடவுக்குக் குச்சி வெட்டிக் கட்டியபோது கசப்பும் இனிப்பும் ஒரே கட்டுக்குள் போயிற்று. எது எந்தப் பாத்தியில் முளைத்தது என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. இலையும் தண்டும் தோலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன.

கீழ் லயத்துச் சோணை ஒரு கிழங்கைக் கணப்பில் சுட்டுத் தின்றுவிட்டு நுரை தள்ளி விழுந்தான். ஜீப்பில் போடிக்குக் கொண்டுபோனார்கள். என்ன தின்றான் என்று டாக்டர் முதலில் கேட்டதற்கு, கூடப் போனவன் கப்பை என்று சொன்னான். அதனால்தான் அதற்கான மருந்து ஏற்றிப் பிழைக்க வைக்க முடிந்தது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அவன் போட்ட தோலைத் தின்ற இரண்டு ஆடுகள் பிழைக்கவில்லை.

அதிலிருந்துதான் கப்பை பிடுங்கினால் மாயக்காளிடம் கொண்டுவருவது வழக்கமாயிற்று. கிழங்கின் தலைப்பக்கத்தில் நகக்கண் அளவு பச்சையாகக் கடிப்பாள். முன்பல்லில் வைத்து மெல்லுவாள். துப்பிவிட்டு, ஆகும் என்பாள், அல்லது ஆகாது என்பாள். வெற்றிலை வாய்க்கும் பீடி வாய்க்கும் பிடிபடாத கசப்பு அவளுக்குப் பிடிபடும். அவள் ஆகும் என்று சொன்ன கிழங்கால் யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மலையில் அவள் சொல்லை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. சோலையே ஒப்புக்குத்தான் தலையாட்டுவான். ஆனால் கப்பையைக் கையில் எடுத்துவிட்டால் எட்டு வீடும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாக்கு போய்விட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வராததற்கு அதுதான் காரணம். பெருமைதான். அதற்குப் பெயர் வேறில்லை.

அதனால் கடித்தாள், மென்றாள், துப்பினாள். பயத்தில் பத்துக்கு ஏழு கிழங்கை ஆகாது என்று ஒதுக்கினாள். குப்பைக்குழி கப்பையால் நிறைந்தது. மாயக்காளுக்கு இந்த வருஷம் எல்லாமே கசக்கிறது என்று பெண்கள் குழாயடியில் கேலி பேச ஆரம்பித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொன்னுமணி மூன்று கிழங்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டாள்.

“மதினி, எங்க பாத்திய முக்காவாசி குப்பையில கொட்டிட்டே. இதையும் ஆகாதுன்னா நான் என்னத்தத் திங்கிறது? மண்ணைத்தான் திங்கணும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாயக்காளும் சிரித்தாள். மூன்றையும் கடித்தாள், மூன்றையும் ஆகும் என்று சொல்லிவிட்டாள். காலையில் வெரசாக வேகவைத்து, காந்தாரி மிளகாயை அரைத்துத் தூக்குவாளியில் எடுத்துப் போக வசதி என்று பொன்னுமணி சந்தோஷமாகப் போனாள். அவள் போன பிறகு, துப்பின துணுக்குகள் வாசல் ஈரத்தில் வெள்ளையாகக் கிடந்தன. மாயக்காள் காலால் மண்ணைத் தள்ளி அவற்றை மூடினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் ஆள் ஏற்றி வந்த சிவக்குமாரின் ஜீப்பில் மகள் ரோஜா வந்து இறங்கினாள். போடியில் வாக்கப்பட்டவள். வயிற்றில் மூன்று மாசம். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நாற்பது நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றும், அடுத்த வாரமும் எடை குறைந்தால் படுக்கையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள் என்றும் ரோஜா சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“வாயில எதை வச்சாலும் கசக்குதும்மா. கஞ்சி கசக்குது. பச்சத்தண்ணி கசக்குது. ஒன் கப்பயும் காந்தாரிச் சம்மந்தித் தொவையலும் நெனச்சா மட்டுந்தான் வாய் ஊறுது. அதுக்காகத்தான் வந்தேன்.”

மாயக்காள் ரசம் வைத்துத் தருகிறேன் என்றாள். கருவாடு சுட்டுத் தருகிறேன் என்றாள். மாசமாக இருக்கிறவளுக்குக் கப்பை ஆகாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். நன்றாக வேகவைத்துத் தின்னலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று ரோஜா அந்த வாசலையும் அடைத்துவிட்டாள்.

மகள் வருவது தெரிந்து சோலை விடியும்போதே நாலு கிழங்கைப் பிடுங்கிப் போட்டிருந்தான். எந்த வரிசையில் பிடுங்கினான் என்று அப்போதே மாயக்காள் கேட்டிருந்தாள்.

“மழையில மேட்டு மண்ணு பூரா சரிஞ்சு கெடக்கு. ஓரம் எது உள்ளு எதுன்னு யாரு கண்டா? நீதான் இருக்கியே, கடிச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டு, கீழ்க்காட்டில் பூச்சி மருந்தடிக்கக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாளாக மழை விட்டிருந்தது. ஆனால் வெயில் இல்லை. மஞ்சு மூடுபனியாக லயத்தின் தகரக் கூரை வரைக்கும் இறங்கி நின்றது. ஆணும் பெண்ணும் காட்டுக்குப் போய்விட்டதால் எட்டு வீட்டு வாசலும் வெறிச்சென்று கிடந்தன. யாராவது ஒருத்தி வீட்டில் இருந்திருந்தால், என்னவோ சாக்குச் சொல்லி ஒரு துண்டைக் கடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ரோஜாவிடம் கொடுக்கலாம் என்றால் அவளுக்குப் பச்சைத் தண்ணீரே கசக்கிறது. இந்த வீட்டில் இப்போது இரண்டு நாக்கு இருந்தும் ஒரு கிழங்கைப் பார்க்க ஆள் இல்லை.

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால், இத்தனை நாளாகப் பார்த்ததெல்லாம் என்ன என்று மகள் கேட்பாள். பொன்னுமணியின் மூன்று கிழங்கு கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை நினைக்காமல் இருக்க, அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ரோஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு கிழங்கையும் ஒவ்வொன்றாகக் கடித்தாள். சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பை மென்ற மாதிரி இருந்தது. கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை.

“ஆகுமாம்மா?”

“ஆகும்.”

தலையையும் வாலையும் நறுக்கித் தள்ளினாள். கிழங்கை விரல் நீளத் துண்டங்களாக வெட்டி, தோலில் நெடுக்காகக் கீறி, கத்தி முனையைக் கொடுத்து நெம்பினாள். மேல்தோலும் அதற்கடியில் இளஞ்சிவப்பாக இருக்கிற உள்தோலும் சேர்ந்து சுருளாகக் கழன்று வந்தன. உள்தோல் அதிகம் சிவந்திருந்தால் கசப்பு என்று யாரோ எப்போதோ சொன்னதை நினைத்து நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று கூடச் சிவந்த மாதிரி தெரிந்தது. அதைத் தூக்கி எறிந்தாள். பிறகு இன்னொன்றும் அப்படியே தெரிந்தது. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்றும் மிஞ்சாது என்று மிச்சம் மூன்றையும் பொடித் துண்டாக நறுக்கி, நடு நரம்பை உருவி, தண்ணீரில் போட்டாள். தண்ணீர் அரிசி கழுவினது போல வெளுத்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினாள்.

அடுப்பில் ஏற்றின பிறகு மூடி போடவில்லை. நச்சு ஆவியோடு போக வேண்டும், கப்பைச் சட்டியை மூடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். முதல் கொதியில் நுரை தள்ளியதும் தண்ணீரை வடித்தாள். இரண்டாம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து அதையும் வடித்தாள். மூன்றாம் தண்ணீருக்கு அவள் குடத்தைத் தூக்கியபோது ரோஜா எழுந்து வந்து பார்த்தாள்.

“நல்ல கப்பைக்கு ஒரு தண்ணி போதும்ல? எதுக்கும்மா மூணு? கொழஞ்சு போகும்.”

“கொழஞ்சா ஒனக்கு முழுங்கச் சுளுவா இருக்கும் தாயி. நீ போய்ப் படு.”

விறகு ஈரம். புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது. மூக்குக்கு மட்டும் புகையும் தெரியவில்லை. கிழங்கு வெந்து வாய் பிளந்ததும் கடைசித் தண்ணீரையும் வடித்து, அளந்து உப்பைப் போட்டாள். தேங்காயும் சீரகமும் மஞ்சளும் அரைத்து அதில் கொட்டி மத்தால் மசித்தாள். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். காந்தாரியையும் சின்ன வெங்காயத்தையும் கல்லுப்போடு அம்மியில் நசுக்கி எடுத்தாள். கை தன்பாட்டுக்குச் செய்தது. முப்பது வருஷப் பழக்கம்.

மகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் சட்டியிலிருந்து ஒரு கை அள்ளித் தானே தின்றாள். இன்னொரு கை தின்றாள். அடுப்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுவது போல இருந்தது. பயத்திலும் தலை சுற்றும் என்பது அவளுக்குத் தெரியும். எந்தச் சுற்று இது என்று கண்டுபிடிக்க வழியில்லை. பசி பொறுக்காமல் ரோஜாவே உள்ளே வந்து தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடினாள். இரண்டாவது வாயும் போயிற்று. மூன்றாவது வாயை மென்றுகொண்டே, “லேசாக் கசக்குதும்மா” என்றாள்.

மாயக்காள் கிட்டே நகர்ந்து வந்தாள். “எப்பிடிக் கசக்குது?”

“எப்பயும் போலத்தான்னு நெனக்கிறேன். கஞ்சியும் இப்பிடித்தான்...”

ரோஜா நாலாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோனாள். மாயக்காள் எட்டித் தட்டைத் தட்டிவிட்டாள். தட்டு வாசப்படி தாண்டிப் போய் விழுந்து உருண்டது. கப்பை மண்ணில் சிதறியது.

“பல்லி. மேலருந்து பல்லி விழுந்துச்சு.”

ரோஜா கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எங்கும் பல்லி இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாயில் ஒருக்களித்துப் படுத்து அழுதாள். பசியில் அழுகிற பிள்ளையின் அழுகை அது. அழுதபடியே கண் அசந்தாள்.

வாசலில் கோழிகள் ஓடி வந்தன. ஒரு சேவலும் மூன்று பெட்டையும். சிதறின கப்பையைக் கொத்தித் தின்றன. மாயக்காள் விரட்டப் போனவள் நின்றுவிட்டாள். நிலைப்படியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்தாள். ஆடுகளுக்கு ஆனது கோழிகளுக்கும் ஆகும். அவள் பெற்ற பிள்ளைக்கும் ஆகும்.

அரை மணி போயிற்று. ஒரு மணி நேரம் போயிற்று. இடையில் உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டாள், மூச்சைப் பார்த்தாள். சீராக இருந்தது. வெளியே சேவல் கல்லின் மேல் ஏறி நின்று கூவியது. பெட்டைகள் குப்பையைக் கிளறின. தன் தலையைப் பிடித்துப் பார்த்தாள், சுற்றல் இல்லை. ஒன்றுமே இல்லை. கிழங்கு நல்ல கிழங்குதான். மாயக்காளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாக்கு போனாலும் கைராசி போகவில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மகளை எழுப்பினாள். பல்லி விழுந்தது தட்டில்தான், சட்டியில் இல்லை என்று சமாதானம் சொல்லி மிச்சத்தைச் சூடாக்கிக் கொடுத்தாள். ரோஜா காந்தாரியைத் தொட்டுத் தொட்டு இரண்டு தட்டு தின்றாள். மூக்கில் தண்ணீர் வழிந்தது. தின்று முடித்து, வாந்தி வரப்போகிறது என்று வழக்கம்போல வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வரவில்லை.

“நிக்குதும்மா. நாப்பது நாளைக்கு அப்பறம் வயித்துல நிக்குது” என்றாள். அவள் முகத்தில் ரத்தம் வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் கீழ்ப்பக்கத்தில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. மணி ஒன்று இருக்கும். காலையில் ஆளைக் காட்டில் இறக்கிவிட்டால் சிவக்குமாரின் ஜீப்பு சாயங்காலம் நாலரைக்கு முன்னால் அந்தப் பாதையில் ஏறுவதே இல்லை.

ஜீப்பு லயத்துக்கு முன்னால் வந்து குலுங்கி நின்றது. ஜீப்புக்குள் பின்பக்கத் தரையில் பொன்னுமணி கிடந்தாள். அவள் தலை சோலையின் மடியில் இருந்தது. இரண்டு பெண்கள் காலைப் பிடித்திருந்தார்கள். உதடு நீலம் பாய்ந்து, கண் மேலே செருகியிருந்தது. மூச்சு வாங்கியது. சேலையெல்லாம் வாந்தி.

சிவக்குமார் இறங்காமலே கத்தினான். “அத்த, ஒரு போர்வை கொண்டா, வெரசா. மருந்தடிச்ச செடிக்குள்ளயே நின்னு காய் எடுத்திருக்கா. மருந்து ஏறிப்போச்சு.”

மாயக்காள் உள்ளே ஓடிப் போர்வையை எடுத்து வந்தாள். சோலை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மருந்து அடித்தது அவன். காற்று மாறியதைக் கவனிக்காமல் குழாயைப் பிடித்துவிட்டேன், என்னால்தான், என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். பொன்னுமணியின் தூக்குவாளி சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தது. மூடி திறந்திருந்தது. அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

போர்வையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றிருக்கலாம். ஜீப்பு போயிருக்கும். மருந்து என்று சொல்லி மருந்துக்கான வைத்தியம் செய்திருப்பார்கள். பழி சோலையின் குழாய் மேல் போயிருக்கும், மாயக்காளின் நாக்கை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு மூச்சு விடுகிற நேரம் அவள் அப்படித்தான் நின்றாள். அதை மறைப்பதற்கில்லை. சோணை பிழைத்தது கப்பை என்று ஒருவன் வாய் திறந்ததால்தான் என்பதும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

“மருந்து இல்ல” என்றாள்.

சிவக்குமார் கியரைப் போட்டான். மாயக்காள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்துப்பா. மருந்து இல்ல. கப்ப. நேத்து நான் பாத்து ஆகும்னு சொன்ன கப்ப. எனக்கு நாக்கு செத்து அம்பது நாளைக்கு மேல ஆச்சு. ஒண்ணும் தெரியாமத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில கப்பன்னு சொல்லணும்.”

காலைப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தி மாயக்காளையே பார்த்தாள். அவள் வீட்டிலும் போன வாரம் மாயக்காள் பார்த்த கிழங்குதான் வெந்தது. சோலை இப்போதுதான் தலையைத் தூக்கினான். அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.

“கசக்குதுன்னுதான் சொன்னா. பத்து மணிக்கு என் பக்கத்துல ஒக்காந்துதான் தின்னா. வேணாம்னா வச்சிரு தாயின்னேன். மதினி பாத்தது, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மிச்சத்தையும் வழிச்சுத் தின்னா.”

ரோஜா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கை அடிவயிற்றில் இருந்தது.

“அப்ப நான் தின்னதும்மா?”

மாயக்காளுக்குப் பதில் இருந்தது. மூன்று தண்ணீர், மூடாத சட்டி, கூவின சேவல், எல்லாம் இருந்தது. ஆனால் எதையும் ஆகும் என்று சொல்ல இனி அவளுக்கு வாய் வராது.

“நீயும் ஏறு” என்றாள்.

ரோஜா முன் சீட்டில் ஏறினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மாயக்காள் பின்னால் ஏறிக்கொண்டாள். ஜீப்பு மேட்டு ரோட்டைப் பிடித்து வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பொன்னுமணி வாந்தியெடுத்தாள். நாற்றம் தாங்காமல் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பினார்கள். சோலைக்கும் குமட்டியது. மாயக்காள் பொன்னுமணியைத் தன் மடிக்கு வாங்கி, முகத்தோடு முகம் வைத்து, வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கு எந்த வாடையும் தெரியவில்லை.